தாகத்துக்கு மணி எதற்கு

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ எழுந்து நடமாடுகிறாய் என்று கேட்ட பிறகுதான் 'நலம்' என்ற அந்தச் சொல்லை எழுதவே கை வந்தது. மூன்றாம் வகுப்பில் நீ என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா, "டீச்சர், தாகம் எடுத்தா இப்பவே குடிக்கலாமா, மணி அடிக்கணுமா?" வகுப்பில் என்னை அம்மா என்று கூப்பிடக்கூடாது என்பது நம் ஒப்பந்தம். நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள், மகளுக்கு மட்டும் சலுகை என்று பேச்சு வரக்கூடாதே என்று, மணி அடிக்கட்டும் என்றேன். நீயும் மணி அடிக்கும்வரை தண்ணீரைத் தொடவில்லை.

நீ வேலை செய்த கட்டடத்தின் மாடி வீட்டு நர்ஸ் பெத்த தாய் மாதிரி பார்த்துக்கொண்டார் என்று போனில் சொன்னாயே, சந்தோஷம்தான், ஆனால் மறைப்பானேன், வயிறு எரிந்தது. கூரையில் சோலார் தகடு பொருத்துகிற வேலையின் நடுவே இறங்கி வந்து படிக்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்த உன்னை உள்ளே கூட்டிப்போய், சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, ஃபேனைத் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தாராம். விடைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொன்றிலும் தப்புத் தேடினேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "நூத்துக்கு நூறு போட்டுடு, ஏன் பேனாவைக் கடிக்கிற?" என்று அப்பா கிண்டல் செய்கிறார். அந்தத் துணியை நனைத்தது என் கையாக இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் ஏன் குடிக்கவில்லை என்று அவர் கேட்டதற்கு, "இன்னும் பிரேக் விடலையே" என்றாயாமே. அது நான் நடத்திய பாடம். அதை அழிக்கிற வேலையும் அவருக்கே போனதில் எனக்கு இன்னும் பொறாமை, இருந்தாலும் அழிக்கட்டும்.

குழாயில் காற்று வந்த பிறகு மோட்டார் போடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, தாகம் வந்த பிறகு குடிப்பதும் அதுதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடி. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். உச்சிவெயிலில் கூரை ஏற முடியாது என்று மேஸ்திரியிடம் சொல், கூச்சப்படாதே. தலைவலியோ குமட்டலோ வந்தால் உடனே நிழலுக்கு இறங்கிவிடு, பேச்சு குழறினால் ஆஸ்பத்திரிக்குத்தான். இதை உன்கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிவை.

நர்ஸுக்கு என் வணக்கம் சொல், ஒரு தடவை போதும். வெயில் உன்னை அண்டாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

டீச்சர் சொன்னதை மறந்துவிடு, அம்மா சொல்கிறேன்: கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, இப்போதே ஒரு டம்ளர் தண்ணீர் குடி.