கோட்டை மூலை நிற்கிறது, காதர்

என் ஆசைக் காதர் மச்சானுக்கு,

நீ மண்ணுக்குள் போனபிறகு கடப்பாக்கத்தில் சத்தமே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே. உன் கருவாட்டுக் கடையில் இப்போது என் தங்கச்சி, அதாவது உன் வீட்டுக்காரி, உட்கார்ந்திருக்கிறாள். உன்னைவிடக் கறார். எனக்கே கொசுறு கிடையாது.

பெரிய சேதி வேறு. போன மாதம் மதுராந்தகத்து காண்ட்ராக்டர் ஒருவர் மாட்டு வண்டிகளோடு வந்தார். நெல் கிடங்கு கட்ட, ஆலம்பரைக் கோட்டையின் உயரமான மூலையை இடித்துச் செங்கல் எடுக்கப் போகிறாராம். வெள்ளைக்காரன் பீரங்கிக்கே விழாத மூலை! கடலிலிருந்து பார்த்தால் நம் கரை முழுக்க ஒரே மணலும் பனையும்தான். கழிமுகம் எங்கே என்று காட்டுவது அந்த மூலை ஒன்றுதான். வழி தவறி வரும் கட்டுமரத்தை மணல்திட்டு கவிழ்த்துவிடும். முன்பெல்லாம் அந்த மூலையில் கை வைக்க வந்தவர்களை நீ உன் வாயாலேயே விரட்டினாய். இனி யார் விரட்டுவது?

வேறு யார், நான்தான் போனேன். நவாபு, பிரெஞ்சுக்காரன் என்று சரித்திரம் ஆரம்பித்ததும் வண்டிக்காரன் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். காண்ட்ராக்டர் மட்டும் பொறுமையாகக் கேட்டார்.

"நீ இன்னா, வாத்தியாரா?"

"மளிகைக் கடைங்க."

"அப்ப போயி பருப்ப நிறு."

நல்லவேளை, கட்டுமரக்கார ஏழுமலையின் சம்சாரம் அஞ்சலை வந்து மாடுகளுக்கு முன்னால் நின்றாள்.

"என் புருசன் கடல்ல கீறாரு. எதைப் பாத்து வூட்டுக்கு வருவாரு? உன் மூஞ்சியவா?"

"இடிஞ்ச செவுத்துக்கு இம்மாம் பேஜாரா?"

"காலைல ஒரு தபா கட்டுமரத்துல குந்திப் போய்ப் பாரு. அப்பால இடி."

"வரேன். எனக்கின்னா பயமா?"

அன்று மாலையே கரை திரும்பிய ஏழுமலை, மறுநாள் காலை அவரை ஏற்றிக்கொண்டான். சாட்சிக்கு என்று என்னையும் தள்ளிவிட்டார்கள். முதல் அலையிலேயே நாஸ்தாவை மீன்களுக்குத் தானம் செய்தவன் நான். இரண்டாவது அலையில் காண்ட்ராக்டர். நடுக்கடலில் ஏழுமலை துடுப்பை நிறுத்தினான்.

"ஐயா, கழிமுகம் எங்க கீது? கை காட்டுங்க, அங்கயே வுடறேன்."

நனைந்த கோழிபோல மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர் கரையைத் துழாவினார். கடைசியில் விரலை நீட்டினார்.

"அதோ... அந்த மூலையாண்ட."

"அத்தத்தான் இடிக்கச் சொன்னீங்க. இடிச்சப்பால எங்க வுடறது?"

காண்ட்ராக்டர் மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அண்ணாத்த, மொதல்ல என்னைக் கரை சேத்துடு."

சேர்த்தான். மனிதர் வேட்டியைப் பிழிந்து உதறிவிட்டு, வண்டிகளை அவரே காலியாகத் திருப்பினார். அஞ்சலைக்கு ஒரு கும்பிடு. எனக்கு அதுகூடக் கிடையாது.

நீ பார்த்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்? எனக்காகச் சிரித்திருப்பாயா, என்னைப் பார்த்தா?

இன்னொருவன் வரத்தான் செய்வான், காதர். வரட்டும். உன் வாய் எனக்கு வராது, என் சரித்திரமும் இனி வேண்டாம். எவன் கடப்பாரையோடு வந்தாலும் நேரே கட்டுமரத்தில் ஏற்றுவேன். நானும் கூடவே ஏறுவேன், வெறும் வயிற்றோடு. இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
சபாபதி