இவரின் பேரில் உள்ள துவக்கு

தை, திங்கள்
பனி. நெல் பால் பிடித்துவிட்டது. மேற்கு வரம்போரம் பன்றி இறங்கி உழக்கியிருக்கிறது.
காவலுக்கென்று துவக்கோடு வெளிக்கிட்ட இவர் வயலுக்குப் போகவில்லை. சந்தியில் புதிதாகத் திறந்த பாரில் குடித்துவிட்டு வந்தார். தேத்தண்ணீர் ஆறிப்போச்சாம். துவக்கின் குழலை என் பக்கம் திருப்பினார். தோட்டா இருந்ததா, தெரியாது. மகள் வினோ அலுமாரிக்குப் பின்னால். அழக்கூட இல்லை.

செவ்வாய்
கடையில் சவர்க்காரம், வினோவுக்குக் கொப்பி.
ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரிடம் போனேன்.
"பயிரைக் காக்கத் தந்த துவக்கு தங்கச்சி. குடிச்சிட்டுத் தூக்கினா லைசன்ஸ் போகும். எழுதித் தாங்கோ, மாவட்டக் கச்சேரிக்கு அனுப்புறன். ஆனா திரும்பக் கிடைக்கிறது கஷ்டம்."
"அப்ப பாருக்கு ஆர் லைசன்ஸ் குடுத்தது?"
"அது வேற சட்டம், குடுக்கிறதும் வேற கந்தோர். ஆர் துவக்கோட வந்து குடிக்கினமெண்டு அங்க ஒருத்தரும் பாக்கிறேல்லை."
எழுதிக் கொடுக்காமல் திரும்பினேன். துவக்குப் போனால் வயலும் போகும்.

புதன்
குடிக்கவில்லை. வினோவின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தார். "இனித் தொடமாட்டன்." நம்ப ஆசை. மீன் குழம்பு.

வியாழன்
மத்தியானமே பார். வந்து முற்றத்தில் விழுந்து படுத்தார். துவக்கு பக்கத்தில்.
"அம்மா, அப்பா எழும்ப முதல் போவமா?" என்றாள் வினோ.
துவக்கைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி, அவளையும் ஏற்றிக்கொண்டு பொலிசுக்கு. இரண்டு தரம் இறங்கி நடந்தேன்.
"லைசன்ஸ் உங்கட பேரிலயா அக்கா?" என்றார் பொலிஸ்காரர்.
"இல்லை, அவரின்ர பேரில."
"அப்ப நீங்கள் கொண்டு வந்ததே குற்றம். எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே?"
"நீங்கள் வர முதல் அவர் எழும்பியிருந்தா?"
பொலிஸ்காரர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு வாக்குமூலம். துவக்கு அங்கே. என்மேல் வழக்கா இல்லையா, ஸ்டேசன் பெரியவர் வந்துதான் சொல்வாராம்.

வெள்ளி
எனக்கு எச்சரிக்கை மட்டும். இவரின் லைசன்ஸ் நிறுத்தம். சோறு வைத்தேன், தொடவில்லை.

சனி
பன்றி அரைவாசி வயலைத் தின்றுவிட்டது. வரம்பில் இருந்து அழுதேன். இவர் வந்து பக்கத்தில் நின்றார்.
"இப்ப சந்தோசமா?"
"வினோ நேற்றுத்தான் நித்திரை கொண்டவள்."
பின்னேரம் இவர் பன்றி விரட்டத் தட்டும் தகரமும் தடியும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். வாசல் படலையால் இடப்பக்கம் வயல், வலப்பக்கம் சந்தி. எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.