பூசணி மூட்டைக்குப் பின்னால்

செவ்வாய்க்கிழமை.

நான் சொல்லும் கதையைப் பல்லேபொல பண்டா சிங்களத்தில் எழுதுவான். அவன் சொல்வதை நான் தமிழில் எழுதுவேன். மாத்தளை முழுக்கத் தேடினாலும் எங்களைப் போல் எழுத்தாளர் சோடி கிடையாது. லொறிக்காரன் ஒருவனின் இரண்டு பல்லை நான் கழற்றிய கதை போன வாரம் பேப்பரில் வந்தது. லொறியின் நிறம், அவனுடைய ஊர் எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். பல் போனது எனக்கு என்பதை மட்டும் மாற்றிவிட்டேன்.

இன்று நாங்கள் நின்ற தம்புள்ளைச் சந்தைக்கு அந்த லொறிக்காரன் இரும்புக் கம்பியோடு வந்தான்.

"எவன்டா எழுதினது?"

"நான்தான்," என்றான் பண்டா. கதை சொன்னவன் பெயரை அவன் சொல்லவில்லை.

முதல் அடியில் பண்டாவின் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்தது வாயில் விழுந்தது. தக்காளிப் பெட்டிகளின் மேல் இரத்தம் தெறித்தது. நான் பாய்ந்து நாலு பேரைப் புரட்டியதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பண்டா வீங்கிய வாயால் பேசினான். "மச்சான், இனி நீதான் என்னோட கை. எழுது. அவன் என்னை அடிக்கும்போது என் சிநேகிதன் பூசணி மூட்டைக்குப் பின்னால இருந்தான்."

பேனா நின்றுவிட்டது.

"வேணும்னா மாத்திக்க," என்றான்.

ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன்.