ஷர்மினிக்கு நான் போட்ட முட்டை

லாயாங் லாயாங், ஜொகூர்
சனிக்கிழமை மாலை

அன்புள்ள மலருக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முட்டிவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சனிக்கிழமை இந்நேரம் வகுப்பில் இருக்க வேண்டியவர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறாரே என்று நினைப்பாய். இலக்கிய வகுப்பை மூடிவிட்டார்கள், அதற்கு நான்தான் காரணம்.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பொதுப்பரீட்சை எழுதும் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு நாவல் சொல்லிக்கொடுத்தேன் அல்லவா, மொத்தம் ஐந்து பேர்தான். ஒருவர் குறைந்தாலும் வகுப்பு இல்லை என்று பள்ளியில் முன்பே சொல்லியிருந்தார்கள். கதையில் வரும் போராட்டம் எந்த வகை என்று கண்டுபிடிக்க வெண்பலகையில் நான்கு பெட்டி வரைந்து கொடுத்தேன். மனிதனோடு மனிதன், மனிதனோடு இயற்கை, மனிதனோடு சமுதாயம், தன்னோடு தான். போன மாதச் சோதனையில், விற்றுப்போன ரப்பர் தோட்டத்தில் கடைசி ஆளாகத் தங்கிவிட்ட கிழவரைப் பற்றிய கேள்வி. நான்கு பேர் சமுதாயம் என்று எழுதினார்கள், விடைத்திட்டத்திலும் அதுதான். ஷர்மினி என்ற பெண் மட்டும் ஐந்தாவதாக ஒரு பெட்டி வரைந்து, இவரோடு யாரும் மோதவில்லை, எல்லாரும் போய்விட்டார்கள், மோதுவதற்கு ஆளே இல்லாததுதான் இவருடைய போராட்டம் என்று எழுதியிருந்தாள். நான் சிவப்புக் கோடு இழுத்துப் பூஜ்யம் போட்டேன். அவளுடைய தாத்தா காஹாங் பக்கம் அப்படித்தான் தனியாக இருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. நாற்பது வருடம் செய்தி எழுதியவன், கேட்டுவிட்டுத் திருத்தியிருக்கலாம்.

அடுத்த சனி அவள் வரவில்லை. செனாய் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருந்த அவள் அம்மாவிடம் போய்க் கேட்டேன். மனப்பாடம் பண்ணி எழுதுனா ஏ கிரேடு, யோசிச்சு எழுதுனா முட்டை, இது என்ன பாடம்லா சார், பேர வெட்டிட்டோம் என்றார். தப்பு என்னுடையது, மதிப்பெண்ணை மாற்றித் தருகிறேன் என்றேன். நீங்க மாத்துவீங்க சார், பரீட்சை திருத்துறவங்க மாத்துவாங்களா என்று கேட்டுவிட்டுப் பேருந்தில் ஏறிப் போனார். புதன்கிழமை மற்ற நால்வரின் பெயரையும் பள்ளியில் இலக்கியப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்களில் ரூபேந்திரன் என்பவன், பரவால்ல சார், நீங்க ரெஸ்ட் எடுங்க என்று எனக்கு ஆறுதல் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

இந்த வருடமும் வர முடியாது என்று நீ சொன்னதில் அம்மாவுக்குக் கோபம் இல்லை, எனக்கும் இல்லை. யாரோடு கோபப்பட. வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, வெறும் ரொட்டியோடு நிறுத்தாமல் சோறு வடித்துச் சாப்பிடு. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் வேண்டுதல் அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் வகுப்பு நேரம் பார்த்து அழைக்காமல் இருப்பாயே, இனி எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா
தங்கராஜு