இடது தோளில் மூன்று மடிப்பு

இல்லை கண்ணு, உன் படத்தை அந்தப் பக்கங்களிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. இன்று காலையிலும் பார்த்தேன், இருக்கிறது. எடுத்தவுடன் போன் செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன், அதனால்தான் போன் வரவில்லை, வேறு கோபம் எதுவும் இல்லை. நாங்கள் இருவரும் படுக்காமல் கொள்ளாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் தேவலை. ஒர்க்‌ஷாப்பில் அவரைக் குனியவிடுவதில்லை, மேஜை வேலை கொடுத்திருக்கிறார்கள், உக்கார வச்சே என்னைக் கிழவனாக்கிட்டானுங்க என்று தினமும் புலம்பல். என் கடையில் தண்ணீர் ஒழுகும் மூலை அப்படியேதான் இருக்கிறது, மெஷினை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டேன்.

முதலில் ஆன்லைனில் பன்னிரண்டு பேர்தான் உன் படத்தைப் போட்டு, நான் உனக்குத் தைத்த கவுனைப் போலவே தைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நீ சொன்னபடி ஒவ்வொன்றின் கீழும் புகார் எழுதினேன், நான்கு மறைந்தன, மறுவாரம் எண்ணினால் பத்தொன்பது. கடையின் பெயர்தான் மாறுகிறது, படம் ஒன்றுதான், கீழே எழுதியிருப்பதும் ஒன்றுதான். சுத்தப் பருத்தி. கையால் தைத்தது. படத்தில் உள்ளபடியே. நான் நீலத்தில் தைத்ததைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றியிருக்கிறார்கள். உனக்குப் பச்சையே ஆகாது, பச்சையில் நிற்கிறாய். பின்னால் நம் வீட்டுச் சுவர் இல்லை, கடற்கரை. ஒன்றில் மட்டும் சரியாக வெட்டத் தெரியாமல் நம் கதவின் தாழ்ப்பாள் உன் முழங்கைக்குப் பக்கத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. கடலுக்குத் தாழ்ப்பாள் போட்ட முதல் குடும்பம் நம்முடையதுதான் என்றார் அப்பா. சிரித்தோம். பிறகு அதன் கீழும் ஒரு புகார் எழுதினேன்.

அந்தக் கடைகளுக்கெல்லாம் இடம் கொடுக்கும் ஆன்லைன் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. படத்தில் இருப்பவர் உங்கள் மகள்தான் என்பதற்கு, முகம் தெரியும் முழுப்படத்தை அனுப்புங்கள். முகத்தை வெட்டியது நான். நீ கிளம்பிய அன்று கதவருகே நிறுத்தி எடுத்த படம், நாலு ஆர்டர் வரட்டும் என்று என் கடையின் ஆன்லைன் பக்கத்தில் போட்டேன், பெண் பிள்ளையின் முகம் கண்டவர் கைக்கும் போகக்கூடாது என்று கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டுப் போட்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். தலை இல்லாததால்தான் திருடுவதற்கு வசதியாகப் போயிற்று. முழுப்படம் இருந்த போன் தொட்டியில் விழுந்தது உனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமல் போட்டேன் என்பதை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, நீயும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அப்பாதான் சொன்னார், தோளைப் பத்தி எழுது, அது நம்ம பொண்ணு தோளுன்னு நமக்குத் தெரியாதா என்று. எழுதினேன். ஆறு வயதில் படியிலிருந்து விழுந்தாள், எலும்பு சரியாகக் கூடவில்லை, இடது தோள் ஒரு விரற்கடை இறக்கம், அது தெரியாமலிருக்க அந்தப் பக்கம் மட்டும் மூன்று மடிப்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயர்த்தினேன், உலகத்தில் வேறு யாருக்கும் அப்படித் தைக்கத் தேவையில்லை, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று இரண்டு பக்கம். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. தையல் தரம் குறித்த குறைகளை விற்பனையாளரிடம் தெரிவிக்கவும், நன்றி.

உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன், ஆனாலும் எழுதுகிறேன். அந்த மூன்று மடிப்பையும் பார்த்துப் பார்த்து அப்படியே தைத்திருக்கிறார்கள். அழகுக்கு என்று நினைத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் எல்லாருக்கும் இடது தோள் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது, துணியை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் என் கைரேகை தெரிகிறது. முதலில் வந்தவள் மருந்துக்கடைப் பெண். டெய்லரக்கா, படத்துல அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு கச்சிதமா இருக்கு, எனக்கு மட்டும் ஏங்க்கா ஒரு தோளு பஸ்ஸுக்குக் கை காட்டுது என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பொண்ணு யாருக்கா, நடிகையா என்று கேட்டாள். வாய்வரைக்கும் வந்தது. என் பெண் என்று சொன்னால் அடுத்து அந்தத் தோளைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ பன்னிரண்டு வயதிலிருந்து துப்பட்டாவுக்கும் தலைமுடிக்கும் அடியில் ஒளித்துவைத்தது. எனக்கெப்படித் தெரியும் என்றேன். பெற்றவள் சொல்கிற பேச்சா அது.

உன் ஆபீஸ்காரி அதை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து, எந்தக் கோணல் உடம்புக்குத் தச்சாங்களோ என்று உன் எதிரிலேயே சொன்னாள் என்றாயே, அதற்குப் பிறகு என்னால் ஒரு வாரம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புகார் எழுதத்தான் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். எழுதி முடித்த பிறகும் மூடுவதில்லை. நீ போய் நான்கு வருடம். அந்தக் கடிகாரம், விரலில் மசிக்கறை, எல்லாம் அப்படியே. கீழே இறக்கிக்கொண்டே போனால் நீ, நீ, நீ. இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

எடுத்துவிடுவார்கள் என்று இனிமேல் உன்னிடம் சொல்லமாட்டேன். அப்பா சொல்வார், சொல்லட்டும், அவருக்கும் ஏதாவது வேண்டுமே. என் பங்குக்கு வாரம் ஒருமுறை எழுதிக்கொண்டிருப்பேன், எழுதியது யார் கண்ணிலும் படாது என்று தெரிந்தே எழுதுவேன். நீ வெயிலிலும் அந்தக் கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதே, வேர்த்து மேலுக்கு ஆகாமல் போகும். புதிதாக ஒன்று தைத்து அனுப்புகிறேன், அளவு என்னிடம் இருக்கிறது, இளைத்திருந்தால் மட்டும் சொல். படம் எடுக்கமாட்டேன்.

எந்த ஊரில் எந்தக் கூட்டத்தில் நின்றாலும் நீ நிமிர்ந்து நிற்க வேண்டும், அப்பாவும் நானும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

உன் அம்மா

பி.கு. உறையை ஒட்டுவதற்குள் பள்ளிக்கூட டீச்சர் ஒரு பச்சைக் கவுனைக் கொண்டுவந்து, இடது தோளைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். மூன்று மடிப்பையும் பிரித்தேன். இரண்டு தோளையும் சமமாகத் தைத்துக் கொடுத்தேன்.