அலுமாரிக்குள் போகாத கோச்சி

சக்கீனா ராத்தா,

பெண் வீட்டார் என் கலியாணம் பேச அஸர் தொழுகைக்குப் பிறகு வருகிறார்கள். நான் சாகாமத்து வயலுக்குப் போய்விட்டு பொழுதுபட, மஃரிபுக்குள் வந்துவிடுவேன். எனக்கு மீன் ஆணம் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

ஹோல் மேசையில் தண்டவாளத்தில் நிற்கும் என் விளையாட்டு ரயிலின் குட்டிக் கோச்சிப் பெட்டிகளில் கை வைக்க வேண்டாம். போன தடவை ஆட்கள் வந்தபோது அவற்றை அலுமாரிக்குள் சாரிகளுக்கு அடியில் திணித்தீர்கள். படுக்கைப் பெட்டியை மற்றப் பெட்டியோடு கொளுவும் கொளுக்கி உடைந்துபோனது. இன்றைக்கு அலுமாரியைப் பூட்டித் திறப்பை நான் கொண்டுபோகிறேன்.

"தாடி முளைச்சும் கோச்சி விளையாடுற மாப்பிள்ளைய ஆருடா எடுப்பாங்க? இது எனக்குத் தந்த வீடு, சாமானத் தூக்கு!" என்று நேற்றுக் கத்தினீர்கள். ஓம், வாப்பா உங்களுக்குச் சீதனமாகத் தந்த வீடுதான். கலியாணம் முடிந்தால் நான் அவள் வீட்டுக்குப் போகிறவன். இந்தக் கோச்சியை மறைத்துக்கொண்டு எப்படிப் போவேன்?

கல்முனைக்குக் கோச்சி வருவதில்லை. கதைகளில் வாசித்த பனிநாட்டு ஆட்களெல்லாம் இந்தப் பச்சைப் பெட்டிகளில் ஏறித்தான் நம் ஹோலைச் சுற்றுகிறார்கள். அவர்களைச் சாரிக்கு அடியில் மூச்சுமுட்ட விடமாட்டேன்.

ஜவ்பர்

விருந்தாளிக் கோப்பைகளை அலுமாரியிலிருந்து எடுத்துக் குசினியில் வைத்திருக்கிறேன்.

பெண் வீட்டார் வந்து இருந்ததும் கோச்சியின் சுவிட்சைப் போடுங்கள். வளைவில் மெதுவாக விடுங்கள்.

இன்னொன்று. வாப்பா சீதனக் கதை எடுத்தால், வயலும் வேண்டாம், காசும் வேண்டாம், அவள் வீட்டில் இந்த மேசை கொள்ளுகிற ஹோல் இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். சிரித்தார்களென்றால், வட்டிலப்பம் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.