மார்க் போடாத சட்டை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா உடம்பளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. மாடிப்படி பார்த்து ஏறு, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே.

அம்மாவின் மறதி கூடிக்கொண்டே போகிறது. போன வாரம் உன் போட்டோவைக் காட்டினேன், எந்த வகுப்புப் பிள்ளை என்று கேட்டாள். ஊசியைக் கொடுத்தால் மட்டும் கை எதையும் மறக்கவில்லை. உன் குழந்தைக்கென்று நான் வாங்கி வந்த துணியில் சின்னதாக ஒரு சட்டை தைக்கிறாள், மெஷின் இல்லை, முழுக்கக் கைத்தையல். சாயங்காலம் முடித்து என் முன்னால் நீட்டுவாள், பிரமாதம், நூற்றுக்கு நூறு என்பேன். காலையில் பார்த்தால் தையலையெல்லாம் பிரித்து, துண்டுகளை நீவி மடித்து அடுக்கி வைத்திருப்பாள். மறுபடி முதலிலிருந்து. தினமும் இதே கதை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டேன், மிரண்டுபோய்ப் பார்த்தாள்.

அப்புறம்தான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. பள்ளியில் கைவேலை என்பது முதலில் பாடமே கிடையாது, மழை நாளில் பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கிற உபாயம். அதைப் பரீட்சைப் பாடமாக்கியபோதுதான் பையன்களுக்கு மரவேலை சொல்லித்தர நானும் பெண்களுக்குத் தையல் சொல்லித்தர உன் அம்மாவும் ஒரே பள்ளியில் சேர்ந்தோம். பாடம் வந்ததே தவிர அதற்கு வேண்டிய துணி வரவில்லை. அதனால் இன்ஸ்பெக்டர் வந்து மார்க் போட்டதும் தையலைப் பிரித்து, அதே துணியை அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடுவாள். உங்கள் மரத்தை இப்படித் திரும்ப ஒட்ட முடியுமா என்று என்னைக் கேலி வேறு செய்வாள். இப்போது அவளுக்கு நான்தான் இன்ஸ்பெக்டர். தினமும் மார்க் போட்டுப் பிரிக்க வைத்தது என் வாய்தான் மகளே.

நேற்று சட்டையை நீட்டியபோது ஒன்றும் சொல்லாமல் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். மார்க்குக்காகக் காத்து நின்றாள். பிறகு, "நல்லா இல்லையா சார்?" என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை. வாயைத் திறந்தால் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து குளியலறையில் போய் அழுதேன். இன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை, பெயிலாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சட்டையை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்து நீங்கள் மூவரும் நெடுங்காலம் நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். சட்டை உன் கைக்கு வந்த அன்றே அம்மாவுக்கு போன் பண்ணு, மறந்துவிடாதே. உன்னை மேடம் என்று கூப்பிட்டால் திருத்தாதே, அழவும் செய்யாதே. மார்க் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா